முதலில் எதைக் கேட்பது?

டிரம் அண்ட் பேஸ் இசைக்குப் புதிதாக வருகிறவர் யாரிடம் வழி கேட்டாலும் கையில் கிடைப்பது ஒரு பட்டியல்தான். கோல்டியின் ‘டைம்லெஸ்’ (1995), எல்டிஜே புக்கெமின் ‘லாஜிக்கல் புரொக்ரெஷன்’ (1996), ரோனி சைஸ் தன் ரெப்ரசென்ட் குழுவோடு தந்த ‘நியூ ஃபார்ம்ஸ்’ (1997), சற்று இளைய காதுகளுக்குப் பெண்டுலத்தின் ‘ஹோல்ட் யுவர் கலர்’ (2005). வரிசையாகக் கேளுங்கள், தானாகப் பிடித்துப்போகும் என்பார்கள். பலருக்குப் பிடிப்பதில்லை. ‘எல்லாம் ஒரே மாதிரி படபடன்னு ஓடுது’ என்று மூன்றாவது பாட்டிலேயே விலகிவிடுகிறார்கள். கோளாறு அவர்கள் காதில் இல்லை, பட்டியலில்தான் என்பது என் கட்சி.

பட்டியல் வீண் என்று சொல்லவில்லை. ‘டைம்லெஸ்’ ஆல்பத்தின் தலைப்புத் தடம் 21 நிமிடம் ஓடுகிறது. வயலின் சாயலில் படரும் ஒலிகளும் டயான் சார்ல்மேனின் குரலும் மேலே மிதக்க, அடியில் டிரம்கள் துண்டு துண்டாக நறுக்கப்பட்டு ஓடிக்கொண்டே இருக்கின்றன. இதெல்லாம் வெறும் ஆட்டக்கூடச் சத்தம் என்பவரின் வாயை அடைக்க அது போதும். பிரிஸ்டல் நகரத்திலிருந்து வந்த ‘நியூ ஃபார்ம்ஸ்’, ரேடியோஹெட்டின் ‘ஓகே கம்ப்யூட்டர்’ போட்டியிட்ட ஆண்டிலேயே மெர்குரி பரிசை வென்றது. அதில் ‘பிரவுன் பேப்பர் பேக்’கைத் தாங்கி நிற்பது டபுள் பேஸ். ஜாஸ் கேட்டுப் பழகியவருக்கு இதைவிட நல்ல வாசல் கிடையாது.

ஆனால் இந்த இசை ஆல்பத்துக்காகப் பிறந்ததல்ல. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் லண்டனில் அது 12 அங்குலத் தட்டுகளிலும், கூல் எஃப்எம் போன்ற உரிமம் இல்லாத வானொலிகளிலும் வாழ்ந்தது. புதிய பாட்டை டப்பிளேட் என்ற மென்மையான தட்டில் வெட்டி வாங்கிக்கொண்டு டிஜே அன்றிரவே கிளப்புக்குப் போவார். கொஞ்ச நாள் ஓட்டினாலே அது தேய்ந்துவிடும். கூட்டம் கத்தினால் தட்டைப் பின்னுக்கு இழுத்து முதலிலிருந்து போடுவார். ஜமைக்கா சவுண்ட் சிஸ்டம்களிலிருந்து வந்த பழக்கம் அது. பாட்டுகளின் அமைப்பும் இதற்கேற்றதுதான். தொடக்கத்தில் வெறும் டிரம் மட்டும் நீளமாக ஓடுவது, முந்தைய தட்டோடு இதைக் கலந்துகொள்ள டிஜேவுக்கு விட்ட இடம். அந்தத் தடத்தைத் தனியாகப் போட்டுக் கேட்கிறவர், ஒரு நிமிடமாக ஒன்றுமே நடக்கவில்லையே என்று கொட்டாவி விடுகிறார். அதையே ஒரு மணி நேர மிக்ஸில் கேட்டால், ஒரு பாட்டு வடிய மற்றொன்று ஏறுவதில்தான் விறுவிறுப்பு இருக்கிறது என்று பிடிபடும்.

எதில் கேட்கிறோம் என்பதைப் பட்டியல் சொல்வதே இல்லை. இதன் பேஸ் பெரும்பாலும் 40, 50 ஹெர்ட்ஸ் பக்கம் நடமாடுகிறது. செல்போன் ஸ்பீக்கரில் அது வராது. மிஞ்சுவது டிரம் மட்டும். ‘படபட’ என்ற புகார் அங்கிருந்துதான் வருகிறது. நல்ல ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேட்டால் இரண்டு வேகங்கள் தெரியும்: டிரம் நிமிடத்துக்கு 174 அடியில் ஓட, பேஸ் அதில் பாதியாக, 87இல் நிதானமாக நடக்கிறது. கச்சேரியில் பாடகர் சவுக்க காலத்தில் நிற்க, மிருதங்கம் துரிதத்தில் நிரப்புவதைக் கேட்டவருக்கு இது புதிதல்ல. தலையை டிரம்மோடு ஆட்டாமல் பேஸோடு ஆட்ட வேண்டும், அவ்வளவுதான்.

அப்படியானால் மிக்ஸ் மட்டும் போதுமா? அதிலும் சிக்கல் உண்டு. பிடித்த பாட்டின் பெயர் தெரியாது. இப்போதைய விழா மேடை மிக்ஸ்கள் பலவும் ஒரு பாட்டை மூச்சுவிடக்கூட விடாமல் அடுத்ததற்குத் தாவுகின்றன; இருபது நிமிடத்தில் களைத்துப்போகும். லிக்விட், நியூரோஃபங்க், ஜம்ப் அப் என்று கிளைப் பெயர்களை முதலில் மனப்பாடம் செய்யச் சொல்வதோ அதைவிட மோசம். அவை தேடுவதற்கு உதவும், கேட்பதற்கு உதவாது.

பட்டியலின் பெரிய குறை, அதில் யார் இல்லை என்பது. 1969இல் தி வின்ஸ்டன்ஸ் என்ற அமெரிக்கக் குழு ஒரு தட்டின் பின்பக்கத்தில் ‘ஆமென், பிரதர்’ என்ற பாட்டை வெளியிட்டது. நடுவில் டிரம்மர் கிரெகரி கோல்மன் தனியாக வாசிக்கும் நான்கு பார்கள், ஏறக்குறைய ஏழு விநாடி. மூன்றாம் பாரில் ஸ்னேர் அடி கொஞ்சம் தாமதிக்கும். நான்காம் பார் மௌனத்தில் தொடங்கும். அந்தத் தடுமாற்றத்தை வெட்டி ஒட்டித்தான் ஜங்கிள் என்ற மூல வடிவமே எழுந்தது. கோல்மனுக்கு ராயல்டி என்று எதுவும் வரவில்லை, 2006இல் இறந்தார். 2015இல் ரசிகர்கள் திரட்டிய 24,000 பவுண்ட், குழுத் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சருக்குப் போய்ச் சேர்ந்தது. புதியவர் முதலில் கேட்க வேண்டியது அந்த ஏழு விநாடி என்பேன்.

தமிழ்க் காதுக்கு ஒரு பக்கவாட்டுக் கதவும் உண்டு. லண்டன் ஹாக்ஸ்டனில் ப்ளூ நோட் கிளப்பில் ஞாயிறுகளில் கோல்டியின் மெட்டல்ஹெட்ஸ் ஆட்டம், திங்களில் தால்வின் சிங்கின் அனோகா. தப்லாவும் நறுக்கிய டிரம்மும் உரசிக்கொண்ட அந்த இரவுகளின் பெயரில் 1997இல் வந்த தொகுப்பில், ஏ.ஆர். ரஹ்மானின் ‘பம்பாய்’ தீம் இசையும் இருக்கிறது. அது டிரம் அண்ட் பேஸ் அல்ல. தொகுப்பையே கணக்கில் சேர்க்காத தூய்மைவாதிகளும் உண்டு. தெரிந்த மெட்டு ஒன்றை நம்பி உள்ளே போகிறவர் அதே தட்டில் தால்வினின் ‘ஜான்’ வரை வந்துவிட்டால், ‘டைம்லெஸ்’ஸின் 21 நிமிடம் அவரை விரட்டாது.