செப்புத்தகட்டில் மானிப்பாய்: மூலமும் படியும் வண்ணமும்

பழந்தமிழ் நூற்பதிப்பு வரலாற்றைக் கற்போர் மூலம், படி, பாடபேதம், இடைச்செருகல் என்னும் சொற்களை நன்கறிவர். ஓர் ஏட்டுச்சுவடி எவர் கையால், எந்த மூலத்தினின்று, எக்காலத்திற் பெயர்த்தெழுதப்பட்டது என்று வினவாது அதன் பாடத்தை ஏற்றுக்கொள்ளுதல் ஆய்வு நெறியன்று. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை காலந்தொட்டு ஈழத்தறிஞர் இத்துறையிற் பெற்ற பயிற்சி பெரிது. ஆயினும், நூல்களுக்குக் காட்டப்படும் இவ்வெச்சரிக்கை பழைய நூல்களில் இடம்பெற்ற சித்திரங்களுக்குக் காட்டப்படுவதில்லை. ஊர் வரலாற்று நூலின் முகப்பிலோ விழா மலரின் நடுவிலோ அவை மறுபதிப்புச் செய்யப்படும்போது, ‘அக்காலத்தில் இவ்வாறிருந்தது’ என்ற சான்றாகவே கொள்ளப்படுகின்றன. சித்திரமும் ஒரு பாடமே. அதற்கும் மூலமுண்டு, படியுண்டு, இடைச்செருகலுமுண்டு. மானிப்பாய்த் தேவாலயச் சித்திரம் இவ்வுண்மையை விளக்குதற்கு ஏற்ற எடுத்துக்காட்டாகும்.

1658ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் வசமாயிற்று. அவ்வாண்டு முதல் 1665 வரை இங்குப் பணியாற்றிய பிலிப்பஸ் பல்தேயஸ் பாதிரியார் மலையாளக் கரை, சோழமண்டலக் கரை, இலங்கை ஆகியவற்றைப் பற்றி எழுதிய பெருநூல் 1672இல் அம்ஸ்ரர்டாம் நகரில் வெளிவந்தது. வலிகாமத்துப் பதினான்கு கோயிற்பற்றுகளை அவர் தனித்தனியே விவரிக்கிறார். மானிப்பாய் அவற்றுள் ஒன்று. தெல்லிப்பழை, வட்டுக்கோட்டை, சங்கானை முதலிய ஊர்களின் தேவாலயங்களோடு மானிப்பாய்த் தேவாலயமும் அந்நூலிற் சித்திரமாக இடம்பெற்றுள்ளது. போர்த்துக்கேயர் காலத்துக் கத்தோலிக்கத் தேவாலயங்கள் ஒல்லாந்தர் கையிற் சீர்திருத்தச் சபைக்குரியனவாய் மாறிய காலத்தின் காட்சி இது. பதினேழாம் நூற்றாண்டு மானிப்பாயின் தோற்றத்தைக் காண விழைவோர்க்கு இதனையொத்த சான்று பிறிதொன்று கிடைப்பது அரிது. அதனாலேயே இச்சித்திரத்தை எவ்வாறு வாசிப்பது என்னும் வினா முதன்மை பெறுகின்றது.

செப்புத்தகட்டுச் சித்திரம் உருவாகும் முறையை முதலில் நோக்குதல் வேண்டும். மெருகிட்ட செப்புத்தகட்டிற் கூரிய உளியாற் கோடுகள் செதுக்கப்படும். அக்கோடுகளில் மையை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்து, ஈரமூட்டிய தாளை அதன்மேலிட்டு உருளைகளிடையே அழுத்திச் செலுத்தினால், பள்ளங்களில் நின்ற மை தாளில் ஏறும். தகட்டிலுள்ளது தாளில் இடம் வலம் மாறி விழுமாதலால், செதுக்குவோன் மூலச்சித்திரத்தை மறுதலையாகவே பெயர்த்தல் வேண்டும். ஆகவே அச்சித்திரம் யாழ்ப்பாணத்திற் கண்டு வரைந்தவனின் கைக்கும் வாசகனின் கண்ணுக்குமிடையே இன்னொரு கையைக் கொண்டது. அக்கை பனையைக் கண்டதன்று, முருகைக்கல்லைத் தொட்டதன்று.

அக்கை எத்துணை நம்பத்தக்கது? விடை காண்பதற்குரிய உரைகல் அந்நூலிலேயே உள்ளது. பல்தேயஸ் தம் நூலில் தமிழ் எழுத்துகளையும் மொழி பற்றிய சில குறிப்புகளையும் சேர்த்துள்ளார். ஐரோப்பாவில் அச்சேறிய தொடக்ககாலத் தமிழ் எழுத்துச் சான்றுகளுள் அவையும் அடங்கும். அவ்வெழுத்துகளும் செப்புத்தகட்டிற் செதுக்கப்பட்டவையே. தமிழ் வாசகன் ஒருவன் அவற்றை நோக்குமிடத்து, பொருளறியாது வடிவத்தை மட்டும் பின்பற்றிய கையின் தடுமாற்றத்தை உடனே உணர்வான். ஒல்லாந்த வாசகனுக்கு அது புலப்பட்டிராது. எழுத்தின் சுழியில் நேர்ந்த தடுமாற்றம் கூரையின் சரிவிலும் மரத்தின் மட்டையிலும் நேர்ந்திருக்கக்கூடுமன்றோ? தேவாலயச் சித்திரங்களை ஒருங்கே வைத்து நோக்கினால் இவ்வையம் வலுப்பெறும். தேவாலயம், அதனையடுத்த மனை, வெளிமுன்றில், மரங்கள், சிறு மனித உருவங்கள் என்னும் ஒரே அமைப்பு ஊர்தோறும் மீள வருகின்றது. கட்டடத்தின் அடிப்படை வடிவம் மூலத்தைச் சார்ந்ததாயிருக்கலாம். சூழலோ பெரிதும் பட்டறை வழக்கின் பாற்படும். காவியப் புலவன் எந்நாட்டைப் பாடினும் நாட்டுப்படலத்தில் ஒரே வளத்தை அமைப்பது போல்வது இது.

சித்திரம் கூறாது விடுவதும் கருதத்தக்கது. 1619இல் யாழ்ப்பாண அரசு வீழ்ந்தபின் போர்த்துக்கேயராற் சைவக் கோயில்கள் இடிக்கப்பட்டமை வரலாறு. அவ்விழப்பின் சுவடு எதனையும் தகடு காட்டவில்லை. தேவாலயம் அவ்வூரின் இயல்பான நடுப்புள்ளியாகவும், மக்கள் அதன் அளவைக் காட்டும் சிற்றுருவங்களாகவும் அமைகின்றனர். சமய நிறுவனமும் வணிகக் கும்பினியும் தம் உடைமையைக் கணக்கிட்ட முறைக்கு இவ்வமைப்பு முற்றும் பொருந்துவதே.

இனி வண்ணத்துக்கு வருவோம். அக்கால ஒல்லாந்த நூல்கள் பெரும்பாலும் கறுப்பு மையிலேயே வெளிவந்தன. செல்வர் சிலர் தம் படிகளுக்குக் கூலி கொடுத்து வண்ணந் தீட்டுவித்தனர். பின்னைய நூற்றாண்டுகளிற் பழஞ்சித்திர வணிகர் நூலின் தாள்களைக் கழற்றி, வண்ணமூட்டித் தனித்தனியே விற்கும் வழக்கமும் தோன்றியது. இவ்வாறு வண்ணம் பெற்ற தேவாலயச் சித்திரமொன்றிற் கூரையின் செம்மையும் சுவரின் மஞ்சளும் சான்றாகா, அவை இடைச்செருகல். கூரை ஓடா ஓலையா என்னும் வினாவுக்குத் தூரிகை பிடித்தவன் விடை கூற முடியாது. மேலும், நூலினின்று பிரிக்கப்பட்ட தாள் தன்னைச் சூழ்ந்திருந்த உரையையும் இழக்கின்றது. ஏட்டை ஒற்றையொற்றையாகப் பிரித்து விற்பதற்கும் இதற்கும் வேறுபாடில்லை.

எனினும், எல்லா வண்ணமும் இடைச்செருகலன்று. பதினெட்டாம் நூற்றாண்டின் விலங்கு, பறவைச் சித்திரங்களை ஒப்பிடுங்கால் இது தெளிவாகும். 1752 முதல் 1757 வரை இலங்கையின் ஒல்லாந்த தேசாதிபதியாயிருந்த ஜொவான் கிடியன் லோற்றன், இலங்கையிற் பிறந்த பீற்றர் கோர்ணேலிஸ் டி பெவரெ என்பவரைக் கொண்டு இந்நாட்டு உயிரினங்களை வரைவித்தார். அவ்வோவியங்கள் இலண்டன் சேர்ந்து, தோமஸ் பெனன்ற் 1769இல் வெளியிட்ட இந்திய விலங்கியல் நூலுக்கும், ஐம்பது வண்ணத் தகடுகளுடன் பீற்றர் பிரவுண் 1776இல் வெளியிட்ட நூலுக்கும் மூலங்களாயின. இந்நூல்களில் வண்ணம் பதிப்பின் உறுப்பு. செங்குயிலின் செம்முகமும் தையற்காரக் குருவியின் பசுமுதுகும் நிறமின்றி அறியப்படா. மாதிரிப் படியை முன்வைத்துக் கூலிக்கைகள் தாள்தோறும் தீட்டிய வண்ணமாதலிற் படிக்குப்படி வேறுபாடு உண்டு. அவ்வேறுபாடு பாடபேதம் எனத்தக்கது. தேவாலயச் சித்திரத்தின் பிற்கால வண்ணம் இடைச்செருகல். பறவைச் சித்திரத்தின் வண்ணம் பாடம். கைவண்ணச் சித்திரங்கள் அனைத்தையும் ‘அழகிய பழம்பொருள்’ என்னும் ஒரே பெயராற் போற்றும் திறனாய்வு இவ்வடிப்படை வேறுபாட்டை மறைத்துவிடுகின்றது.

பறவைச் சித்திரங்களும் பிழையற்றன அல்ல. தையற்காரக் குருவி உலர்ந்த இலையொன்றை எடுத்து உயிருள்ள இலையோடு தைத்துக் கூடமைக்கும் என்று பெனன்ற் எழுதினார். உண்மையில் அது செடியில் நிற்கும் பச்சையிலைகளையே தைக்கின்றது. யாழ்ப்பாணத்து வளவுகளில் அக்கூட்டைக் கண்ட எந்தச் சிறுவனும் இதனைத் திருத்தியிருப்பான். ஆனால் திருத்தக்கூடியவரிடம் அந்நூல் வினவவில்லை. மற்றொரு விடுபாடு இதனினும் பாரதூரமானது. நீண்ட வளைந்த அலகுடைய தேன்சிட்டொன்று அறிவியற் பெயரில் இன்றும் தேசாதிபதி லோற்றனின் பெயரைத் தாங்குகின்றது. வரைந்த டி பெவரெயின் பெயரோ பெனன்ற், பிரவுண் ஆகியோரின் நூன்முகப்புகளில் இல்லை. தேவாலயச் சித்திரத்தில் மண்ணின் மைந்தர் சிற்றுருவங்களாயினர். பறவைச் சித்திரத்தில் மண்ணிற் பிறந்த ஓவியன் உருவமின்றியே மறைந்தான். இரு நூல்களும் வெவ்வேறு நோக்கின, விளைவு ஒன்றே.

இவ்வாறு கூறுவதால் இச்சித்திரங்கள் பயனற்றவை என்பது முடிபாகாது. பிழைமலிந்த படியாயினும் மூலம் மறைந்தவிடத்து அதுவே பேணத்தக்கது. பேணுதல் வேறு, வழிமொழிதல் வேறு. மானிப்பாய்ச் சித்திரத்தை ஆராய்வோர், வண்ணமூட்டிய தனித்தாளை விடுத்து நூலிலுள்ள கறுப்புமைப் படிக்குச் செல்லவேண்டும். ஏனைய ஊர்ச் சித்திரங்களோடு அதனை ஒப்பிட்டுப் பொதுவானதைக் கழித்து, எஞ்சுவதையே அவ்வூருக்குரியதெனக் கருதவேண்டும். சங்கானையில் இடிபாடாக நிற்கும் முருகைக்கற் சுவர்களையும், பிற்காலத்திற் புதுப்பிக்கப்பட்டு இன்றும் வழிபாட்டிடமாயுள்ள வட்டுக்கோட்டைத் தேவாலயத்தையும் சித்திரங்களோடு நேர்நிறுத்தி அளத்தல் வேண்டும். கல் மூலம், தகடு அதன் படி. கல் கரைந்தபின் படியைத் திருத்த வழியில்லை. ஆகவே இடிபாட்டைக் காத்தல் தொல்பொருளாளரின் கடன் மட்டுமன்று. சித்திரத்தை வாசிக்க விழைவோர் அனைவரின் கடனுமாகும்.

அந்நூல் வெளிவந்து நூற்றெழுபது ஆண்டுகளின் பின், 1842இல், ஏறத்தாழ 58,500 சொற்களைக் கொண்ட யாழ்ப்பாண அகராதி மானிப்பாயின் அமெரிக்க மிசன் அச்சுக்கூடத்தில் அச்சாகி, மானிப்பாய் அகராதி என்றே பெயர் பெற்றது. எழுத்தறியாத கையொன்று தமிழ் எழுத்தைச் செதுக்கிய காலம் கடந்து, எழுத்தறிந்தோர் தம் ஊரிலேயே தம் மொழியைத் தொகுத்து அச்சேற்றிய காலம் வந்தது. சொல்லுக்கு நிகழ்ந்த அம்மாற்றம் சித்திரத்துக்கு இன்னும் முழுமையாக நிகழவில்லை. பல்தேயஸின் தகடுகளையும் லோற்றனின் பறவைகளையும், சுவடிகளுக்கு உரிய அதே கண்டிப்புடன் ஒப்புநோக்கிப் பதிப்பிக்கும் பணி தமிழ்த்துறையினருக்கும் வரலாற்றுத்துறையினருக்கும் பொதுவானதாய் நிற்கின்றது.