திருப்பாதிரிப்புலியூருக்கு எத்தனை எழுத்து?

கடலூர் நகரத்துக்குள்ளேயே இருக்கும் திருப்பாதிரிப்புலியூர் என்றதும் பலருக்குப் பாடலீசுவரர் கோயில் ஞாபகத்துக்கு வரும். தமிழில் நிரல் எழுதுகிறவர்களுக்கு அந்தப் பெயரே ஒரு விருந்து. விரல்விட்டு எண்ணினால் 11 எழுத்து. யூனிகோடு கணக்கில் 22 குறிகள். ஒரு எழுத்துகூட வெறும் அகரமாக இல்லை. எல்லாமே புள்ளியோ காலோ கொம்போ ஏதோ ஒன்றைச் சுமந்துகொண்டு நிற்கின்றன. அதனால்தான் கச்சிதமாக இரட்டிப்பு.

பைத்தானிடம் இந்தப் பெயரின் நீளத்தைக் கேட்டால் 22 என்று சொல்லும். அவசரக்காரர் ஒருவர் இரண்டால் வகுத்துவிட்டு 11 வந்ததும் வேலை முடிந்தது என்று எழுந்துவிடலாம். நிரலைச் சோதிக்கும் டெஸ்ட்டும் பச்சை விளக்குக் காட்டும். இன்னொரு ஊரையும் போட்டுப் பார்ப்போம் என்று நெய்வேலியைக் கொடுத்தால் அதுவும் தேறிவிடும்: நான்கு எழுத்து, எட்டுக் குறி. குட்டு வெளிப்படுவது கடலூரில்தான். க, ட இரண்டும் ஒற்றைக் குறிகள். மொத்தம் ஆறு. வகுத்தால் மூன்று, ஊருக்கோ நான்கு எழுத்து. பார்வைக்குக் கம்பீரமான திருப்பாதிரிப்புலியூர் ஏமாந்த இடத்தில் எளிய கடலூர் திருடனைப் பிடித்துவிடுகிறது.

யூனிட் டெஸ்ட்டின் ருசி இங்கேதான் இருக்கிறது என்பேன். எத்தனை டெஸ்ட் எழுதினோம் என்று பெருமை பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குச் சலிப்பு. எந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்தோம், அது எந்தத் தவறான நிரலைக் கீழே தள்ளும் என்பதல்லவா கேள்வி? கென்ட் பெக் 1994-இல் ஸ்மால்டாக் மொழிக்காகத் தொடங்கி, 1997-இல் சூரிச்சிலிருந்து அட்லாண்டா போகும் விமானத்தில் எரிக் காமாவோடு சேர்ந்து ஜாவாவுக்கு எழுதிய ஜேயூனிட் வழியாக இந்தப் பழக்கம் உலகமெங்கும் பரவியது. கருவி எல்லோருக்கும் ஒன்றுதான். உதாரணம் தேடும் கண் ஆளுக்கு ஆள் மாறும்.

அப்படி ஓர் உதாரணம்: நிரலிடம் சிதம்பரத்தைத் திருப்பிப் போடச் சொல்லுங்கள். சரியான விடை ‘ம்ரபம்தசி’. எழுத்தைப் பார்க்காமல் குறியைப் பார்க்கும் நிரல், கடைசி மகரத்தின் புள்ளியைத் தாங்க ஆளில்லாமல் முதலில் நிறுத்திவிட்டு ‘மரப்மதிச’ என்று தொடரும். நடு மகரத்தின் புள்ளி பகரத்தின் தலையில் ஏறிவிட்டது; ‘சி’யின் இகரக் குறி தகரத்தோடு ஒட்டிக்கொண்டது. நல்ல டெஸ்ட் விழும்போது எதிர்பார்த்ததையும் வந்ததையும் அடுத்தடுத்த வரியில் காட்டும். அந்த இரண்டு வரியைப் பார்த்தாலே நோய் புரிந்துவிடும். எழுத்து எழுத்தாகப் பிரித்துத் தரும் வேலையை முத்து அண்ணாமலையும் சக தன்னார்வலர்களும் வளர்த்த ‘ஓப்பன்-தமிழ்’ நூலகம் முன்பே செய்துவைத்திருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சிதம்பரத்துக்குத் தெற்கே ஓடும் கொள்ளிடம் இன்னும் நுட்பமான ஆள். ‘கொ’வின் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் பதியலாம், ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டாகவும் பதியலாம். திரையில் இரண்டும் ஒன்றே. கணினிக்கு ஒன்று ஒன்பது குறி, மற்றது பத்து. போன வருஷம் தேடியபோது கிடைத்த கொள்ளிடம் இந்த வருஷம் கிடைக்கவில்லை என்று ஒரு புகார் வருவதாக வைத்துக்கொள்வோம். இடையில் ஆயிரம் கமிட்கள், அதாவது நிரலில் பதிவான மாற்றங்கள். வழக்கமாக என்ன நடக்கும்? ஆங்காங்கே பிரிண்ட் போட்டுப் பார்ப்பார்கள், நேற்று மாற்றியதைச் சந்தேகிப்பார்கள், பிறகு பக்கத்து நாற்காலிக்காரரைச் சந்தேகிப்பார்கள்.

நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவியான கிட் வைத்திருக்கும் பைசெக்ட் கட்டளைக்கு யார்மேலும் சந்தேகம் கிடையாது. நல்ல கமிட் ஒன்று, கெட்ட கமிட் ஒன்று சொன்னால் நடுவில் இருப்பதை எடுத்து நீட்டும். அங்கே கொள்ளிடம் கிடைக்கிறதா? கிடைத்தால் முற்பாதி நிரபராதி. இல்லையென்றால் பிற்பாதியைப் பார்க்கவே வேண்டாம். ஆயிரம் ஐந்நூறாகும், இருநூற்றைம்பதாகும். பத்துச் சுற்றில் குற்றவாளி தனியே நிற்பார். டெஸ்ட்டையே கையில் கொடுத்துவிட்டால் அதுவே ஓட்டிப் பார்த்துக்கொள்ளும். கவனிக்க வேண்டியது ஒன்று: இன்று எழுதிய டெஸ்ட் பழைய கமிட்களில் இருக்காது, எனவே அதைக் கிட்டில் சேர்க்காமல் தனிக் கோப்பாக வைத்திருக்க வேண்டும். டெஸ்ட் பூஜ்யம் திருப்பினால் நல்லது, ஒன்று திருப்பினால் கெட்டது. 125 திருப்பினால், ‘இந்த கமிட்டைச் சோதிக்கவே முடியவில்லை, தாண்டிப் போ’ என்று பொருள். தெரியாது என்று சொல்லக் கருவிக்குள் ஓர் எண்ணை ஒதுக்கிவைத்தவரின் பக்குவத்தை நான் பல முறை வியந்திருக்கிறேன்.

ஆனால் பைசெக்ட் கொண்டுபோய் விடுவது ஒரு கமிட் வரைக்கும்தான். அங்கே நாற்பது கோப்புகளை ஒருசேர மாற்றிவிட்டு ‘சில திருத்தங்கள்’ என்று மட்டும் எழுதியிருந்தால், பத்துச் சுற்று ஓடியதற்குப் பலன் ஒரு வைக்கோற்போர். ஒரு கமிட்டில் ஒரே காரியம், அதுவும் ஏன் செய்தோம் என்ற ஒரு வரியோடு இருந்தால், குற்றவாளியைக் கண்ட மறு நிமிடம் காரணமும் தெரிந்துவிடும். பெயர் மாற்றமும் அழகுபடுத்தலும் தனித்தனிக் கமிட்டாகப் போகட்டும்.

கொள்ளிடத்தின் பிழையை யூனிகோடு இயல்பாக்கம் தீர்த்துவிடும். இரண்டு குறியை ஒன்றாக்கிக் கொடுக்கும். அந்தத் தெம்பில் கடலூர் மாவட்டத்திலேயே இருக்கும் ஸ்ரீமுஷ்ணத்துக்குப் போனால் அங்கே மாட்டிக்கொள்வோம். முதலெழுத்தை ‘ஸ’ வைத்தும் பதிகிறார்கள், ‘ஶ’ வைத்தும் பதிகிறார்கள். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவமாகத் தெரியும். ‘ஶ’ யூனிகோட்டில் சேர்ந்தது 2005 மார்ச்சில். அடுத்த மாதமே லினஸ் டோர்வால்ட்ஸ் கிட் எழுத உட்கார்ந்தார் என்பது தற்செயல்தான். இந்த இரண்டு ஸ்ரீக்களையும் இயல்பாக்கம் ஒன்றுசேர்க்காது, ஏனென்றால் யூனிகோடு கண்ணில் அவை வேறு வேறு எழுத்துகள். இதற்கென்று தனி விதி எழுத வேண்டும், இரண்டு வடிவத்தையும் அருகருகே வைத்து ஒரு டெஸ்ட் எழுத வேண்டும், இரண்டையும் ஒரே கமிட்டில் போட வேண்டும். ‘ஶகர ஸ்ரீயையும் ஏற்றுக்கொள்: ஸ்ரீமுஷ்ணம் தேடலில் விடுபட்டது’ என்று கமிட் செய்தி எழுதினால் போதும். அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.