லியர் நாடகமும் மூடன் என்னும் சொல்லும்: ஒரு நோக்கு

மடமையைச் சுட்டும் சொற்கள் ஆங்கிலத்திலே பல உள. அவற்றை விளக்கப் புகுவோர் பெரும்பாலும் வேர்ச்சொல் கூறுவதோடு அமைந்துவிடுவர். 'ஃபூல்' என்பது துருத்தியைக் குறிக்கும் இலத்தீன் சொல்லினின்று பிரெஞ்சு வழியாக வந்தது. காற்றடைத்த வெறும் பை என்பது கருத்து. 'இடியட்' கிரேக்கத்திலே பொதுவாழ்விற் பங்குகொள்ளாத தனிமனிதனைச் சுட்டியது. 'சிலி' பழைய ஆங்கிலத்திற் பேறுபெற்றவன் எனப் பொருள்பட்டு, பின்னர் கபடமற்றவன், இரங்கத்தக்கவன் எனப் படிப்படியாக இறங்கி, ஈற்றில் அறிவற்றவனைக் குறிக்கலாயிற்று. சுவையான செய்திகளே இவை. ஆயின் ஒரு சொல்லின் பிறப்பு வேறு, வாழ்வு வேறு. யார், யாரை நோக்கி, எந்த அதிகாரத்தின் துணையோடு அச்சொல்லை வழங்கினர் என வினவும்பொழுதே அதன் வாழ்வு புலனாகும். ஷேக்ஸ்பியரின் 'லியர் மன்னன்' இவ்வினாவை எழுப்புதற்கு மிகப் பொருத்தமானதொரு நாடகம்.

மத்தியகால இங்கிலாந்திலே மூடன் என்பது வசைச்சொல் மட்டுமன்று, சட்டச்சொல்லுமாகும். பிறவி மூடன் எனத் தீர்க்கப்பட்டவனின் நிலம் மன்னனின் பொறுப்பிற் சென்றது. அவனுக்கு வேண்டுவன அளித்தபின் எஞ்சிய வருவாய் முடிக்கே உரியது. இடையிலே சித்தம் கலங்கியவனின் நிலை வேறு. அவனது வருவாய் அவன் பொருட்டே பேணப்படல் வேண்டும். ஆகவே ஒருவன் இவ்விரு வகையுள் எதனைச் சேர்ந்தவன் என்பது வெறுஞ் சொல்லாராய்ச்சி அன்று. நிலத்தைப் பற்றிய வழக்கு. இக்காப்புரிமையை மன்னன் பிறருக்கு வழங்கவும் விற்கவும் கூடியதாயிருந்தமையால், ஒருவனை மூடனெனக் 'கேட்டு வாங்குதல்' என்றொரு வழக்கே ஆங்கிலத்தில் தோன்றிற்று. மூடப் பட்டத்தினால் இலாபமடைந்தோர் மூடர் அல்லர் என்பது சொல்லாமலே விளங்கும்.

1603ஆம் ஆண்டு, கெண்ட் பகுதியைச் சேர்ந்த பிரையன் அன்ஸ்லி என்னும் முதிய செல்வரைச் சித்தசுவாதீனமற்றவர் எனத் தீர்ப்பித்து அவர் உடைமையைக் கைக்கொள்ள மூத்த மகள் முனைந்தாள். கோர்டெல் என்னும் இளைய மகள் அதனை எதிர்த்து ரொபேட் செசிலுக்கு எழுதினாள். லியர் கதையும் கோர்டீலியாவின் பெயரும் இதனினும் மிகப் பழையன. ஆதலின் பெயரொற்றுமையை மட்டும் கொண்டு இதனை மூலமெனக் கூறுதல் பொருந்தாது. ஆயினும் 1606 டிசெம்பர் 26இல் இந்நாடகம் அரசவையில் நிகழ்த்தப்பட்டபொழுது, முதியவர், மகளிர், நிலம், அறிவின்மை என்பன பற்றிய பேச்சு அவையோர்க்குப் புதுமையாய் இருந்திராது.

பழைய லியர் நாடகத்திலே கோமாளி இல்லை. அவனைச் சேர்த்தவர் ஷேக்ஸ்பியர். முதலங்கத்திலே, தன்னையா மூடன் என்கிறாய் என மன்னன் வினவ, ஏனைய பட்டங்களை எல்லாம் நீ பிறருக்கு ஈந்துவிட்டாய், இஃதொன்றுதான் உன்னுடன் பிறந்தது எனும் கருத்துப்படக் கோமாளி விடையிறுக்கின்றான். இது நகைச்சுவை மட்டுமன்று. மூடரின் நிலத்தைக் காக்க வேண்டிய மன்னனே தன் நிலத்தை இழந்து பிறவி மூடரின் வரிசையில் நிற்கின்றான் என்பதே இதன் கூர்மை. சட்டம் மேலிருந்து கீழ்நோக்கி வழங்கிய சொல்லைக் கோமாளி கீழிருந்து மேலே திருப்புகின்றான். கொனரில் அதே சொல்லைத் தன் கணவன் மீது வீசுகின்றாள். அவள் அகராதியில் மனச்சாட்சி உடையவனே மூடன். நான்காம் அங்கத்திலே தன்னை ஊழின் பிறவி மூடனாகக் காணும் லியர், இறுதியில் இறந்த மகளை மடியிற் கிடத்தி அச்சொல்லாலேயே அவளை விளிக்கின்றான். அங்கு அது வசையன்று. தமிழிற் 'பேதை' என்னும் சொல்லுக்குள்ள இரக்கம் அவ்விடத்தே அதற்கு உண்டு. அச்சொல் கோமாளியையே குறிக்கின்றது என்பாரும் உளர். இருவரையும் ஒருங்கே நினைப்பித்தல் கவிஞரின் நோக்கம் எனக் கொள்ளுதலே பொருத்தமாகத் தோன்றுகின்றது.

1681இல் நேகம் டேற் இந்நாடகத்தைத் திருத்தியமைத்தார். கோர்டீலியா பிழைத்து மணமுடிக்கின்றாள். கோமாளியோ முற்றாக நீக்கப்படுகின்றான். 1838இல் மக்ரெடி மீட்டுக் கொணரும்வரை ஆங்கில மேடையில் அவனுக்கு இடமிருக்கவில்லை. முடிவை மாற்றியமையே டேற் செய்த பெருங்குற்றம் எனத் திறனாய்வாளர் கூறுவர். கோமாளியை நீக்கியமை அதனினும் பாரதூரமானது. மன்னனை மூடன் எனச் சொல்லக்கூடிய குரல் ஒன்றரை நூற்றாண்டு மேடையில் அடங்கிற்று.

அறிவியல் ஆக்கிய சொற்களுக்கோ இவ்வாறு திரும்பும் ஆற்றலே வாய்க்கவில்லை. 1910இல் அமெரிக்க உளவியலாளர் கொடார்ட் கிரேக்க வேரொன்றிலிருந்து 'மோரன்' என்னும் சொல்லைப் படைத்தார். 1913ஆம் ஆண்டின் பிரித்தானியச் சட்டம் 'இடியட்', 'இம்பெசில்' என்பவற்றை மனிதரை வகுத்து அடைத்துவைக்கும் பிரிவுகளின் பெயர்களாக்கிற்று. 1959இலேயே அது நீக்கப்பட்டது. முன்னர் நிலத்தைப் பறித்த சொல் இப்போது உடலையும் பறிக்கலாயிற்று. 1927இல் அமெரிக்க உயர்நீதிமன்றம், வேர்ஜீனியாவைச் சேர்ந்த ஓர் இளம்பெண்ணுக்குக் கட்டாயக் கருத்தடை செய்தலை அனுமதித்தது. தீர்ப்பெழுதிய நீதிபதி ஹோம்ஸ் அவளையும் தாயையும் மகளையும் ஒருங்கே 'இம்பெசில்' என்னும் சொல்லுக்குள் அடக்கினார். அம்மூவருள் மகள், வழக்கு முதலில் விசாரிக்கப்பட்ட காலத்தில் ஒரு வயதும் நிரம்பாத குழந்தை. எட்டு வயதில் நோயுற்று இறக்குமுன், தான் பயின்ற பாடசாலையின் சிறந்த மாணவர் பட்டியலிலே அவள் இடம்பெற்றிருந்தாள்.