சிங்கன் கேட்ட கேள்வி

குற்றாலக் குறவஞ்சியில் எல்லோரும் ரசித்துச் சொல்லும் காட்சி ஒன்று உண்டு. சிங்கியைத் தேடி அலைந்த சிங்கன், அவளைக் கண்டதும் அவள் உடம்பைப் பார்த்துக் கேள்வி கேட்கத் தொடங்குகிறான். காலில் விரியன் கடித்துக் கிடக்கிறதே என்கிறான். அது சேலத்து நாட்டில் குறி சொல்லிப் பெற்ற சிலம்பு என்கிறாள். நாங்கூழ் நெளிகிறதே என்கிறான். பாண்டியன் மகளுக்குக் குறி சொன்னதற்குக் கிடைத்த பாடகம் என்கிறாள். தவளையைக் கட்டியிருக்கிறாயே என்றால், அது கெச்சை. இப்படி ஒவ்வொரு நகையாக நகர்கிறது விசாரணை.

இதை நகைச்சுவை என்றும் ஊடல் என்றும் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம். நகைச்சுவைதான், மறுக்கவில்லை. ஆனால் வேலைக்குப் போய்த் திரும்பிய மனைவியின் உடம்பில் புதிதாக என்ன இருக்கிறது, அது எப்படி வந்தது என்பதுதான் அங்கே கேள்வி. தனக்குத் தெரியாத ஒன்று அவள் மேல் இருந்தால் அது அவனுக்குப் பாம்பாகத் தெரிகிறது, புழுவாகத் தெரிகிறது. சிங்கியின் பதில்களுக்கோ ஒரே அச்சு: போன ஊர், செய்த வேலை, வாங்கிய கூலி. நகைக்கு என்ன அர்த்தம் என்று ஓரிடத்திலும் அவள் விளக்குவதில்லை. திரிகூடராசப்பக் கவிராயர் தென்காசியை ஒட்டிய மேலகரத்துக்காரர். 18-ஆம் நூற்றாண்டில் எழுதியவர். அவர் ஊரில் இன்றைக்குக் கையில் பச்சை குத்திக்கொண்டு வீட்டுக்குப் போகும் பெண்ணிடமும் இதே கேள்விதான் கேட்கப்படுகிறது. "என்னது இது? யார் பேரு? என்ன அர்த்தம்?"

என் மாணவி ஒருத்திக்கு இந்தக் கேள்வி பச்சை குத்துவதற்கு முன்பே வந்துவிட்டது. நிச்சயம் பண்ணிய பையன் தன் கையில் அவள் பெயரைக் குத்திக்கொண்டு போட்டோ அனுப்பியிருக்கிறான். "நீ எப்ப?" என்று கீழே ஒரு வரி. அவளுக்கும் பச்சை குத்திக்கொள்ள நெடுநாள் ஆசை. அந்தப் பெயரைத்தான் வேண்டாம் என்று நினைக்கிறாள். அவள் ஆச்சியின் கையில் இருக்கும் கோலம் வேண்டும். இதற்கிடையே மத்திய காவல் படை வேலைக்குத் தேர்வு எழுதத் தயாராகிக்கொண்டிருக்கிறாள். "எங்கே குத்தினா பிரச்சனை இல்ல மேடம்?" என்று கேட்டாள். இந்தக் கட்டுரை அவளுக்குச் சொன்ன பதிலின் நீண்ட வடிவம்.

பெண்ணின் தோளில் வரையும் வழக்கம் நம் இலக்கியத்துக்குப் புதிதில்லை. அதற்குத் தொய்யில் என்று பெயர். சங்கப் பாடல்களில் தோளிலும் மார்பிலும் எழுதப்படும் அந்தக் கோலத்தைப் பல இடங்களில் தலைவனே வரைகிறான். சிலப்பதிகாரத்தில் கோவலன் கண்ணகியின் தோளில் கரும்பும் கொடியும் எழுதுகிறான். கரும்பு காமனின் வில். என்ன வரைவது என்பதும் அவன் முடிவு, எங்கே வரைவது என்பதும் அவன் முடிவு. கண்ணகிக்கு அது பிடித்திருந்ததா என்று இளங்கோ சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவை இருப்பதாக அவர் நினைத்ததாகவும் தெரியவில்லை. தன் உடம்பில் எந்த இடம், என்ன செய்வது என்று கண்ணகி தானே முடிவெடுப்பதை நாம் மதுரையில்தான் பார்க்கிறோம். தொய்யிலை அழகியல் என்று ஒரு தாளிலும், மார்பைத் திருகி எறிந்ததைக் கற்பு என்று வேறொரு தாளிலும் வைத்துப் பாடம் நடத்துகிறோம். இரண்டையும் சேர்த்து வாசிக்கும் கேள்வி ஒன்றாவது தேர்வுத்தாளில் வரலாம்.

தொய்யில் கழுவினால் போகும். பச்சை போகாது. இரண்டுக்கும் நடுவே இன்னொரு வித்தியாசமும் உண்டு: பச்சையில் ஊசியைப் பிடித்திருந்த கை பெரும்பாலும் பெண்ணுடையது. குறத்தி குறியும் சொல்வாள், பச்சையும் குத்துவாள். எட்கர் தர்ஸ்டனும் ரங்காச்சாரியும் சேர்ந்து 1909-ல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய தொகுதிகளில் குறவர் பெண்கள் மை தயாரிக்கும் முறை பதிவாகியிருக்கிறது. மஞ்சளையும் அகத்தி இலையையும் சேர்த்து அரைத்து, மெல்லிய துணியில் தடவித் திரியாகச் சுருட்டி, ஆமணக்கெண்ணெய் விளக்கில் எரிப்பார்கள். மேலே புதுச் சட்டியைக் கவிழ்த்து, அதில் படியும் கரியைச் சுரண்டித் தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ குழைப்பார்கள். ஊசி ஒன்றாகவும் இருக்கும், நூலால் சேர்த்துக் கட்டிய பலவாகவும் இருக்கும். வலிக்கிறவளைத் தேற்றப் பாட்டும் உண்டு. குத்தும்போது மை கருப்புத்தான். தோலுக்கு அடியில் உட்கார்ந்த கரி, மேல்தோல் வழியாகப் பார்க்கும்போது பச்சை நீலமாகத் தெரிகிறது. பெயர் அப்படி வந்தது.

தர்ஸ்டனின் குறிப்புகளை நன்றியோடு மட்டும் வாசிக்க முடியாது. குறவர்களை அளந்து, வகைப்படுத்தி எழுதிய அதே ஆட்சிதான் 1911-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக அவர்களைக் குற்றப்பரம்பரைப் பட்டியலில் சேர்த்தது. ஊர் ஊராகப் போவதே தொழிலாக இருந்தவர்கள் ஊரை விட்டு நகரப் போலீசின் அனுமதி கேட்க வேண்டியிருந்தது. சென்னை மாகாணத்தில் 1947-லும், நாடு முழுவதும் 1952-லும்தான் அந்தச் சட்டம் போனது. இன்று ஸ்டூடியோக்களில் 'டிரைபல்' என்று ஒரு டிசைன் வகை இருக்கிறது. பசிபிக் தீவுகளின் தடித்த கருப்பு வளைவுகளைப் பார்த்துச் செய்தது. எந்தப் பழங்குடி என்று கேட்டால் குத்துகிறவருக்கும் தெரியாது. அகத்தி இலைக் கரியில் குத்திய பெண்களின் வடிவங்களுக்கு அந்த ஆல்பத்தில் ஒரு பக்கம் இல்லை. சினிமாவோ குறவரையும், வாக்ரிபோலி பேசும் வேறொரு மக்களான நரிக்குறவரையும் ஒன்றாகக் குழப்பி, இருவர் தலையிலும் ஊசிமணி பாசிமணியைப் போட்டுவிட்டது.

மாணவியின் ஆச்சி கைக்கு வருவோம். ஆலங்குளம் பக்கம். ஐம்பது வருஷமாகப் பீடி சுற்றிய கை. இடது முன்கையின் உட்புறத்தில், மணிக்கட்டுக்கு நாலு விரல் மேலே, புள்ளி வைத்துச் சுற்றிய சிக்குக் கோலம். வலது கையில் ஒரு தேள். மடியில் தட்டை வைத்து இலையைச் சுருட்டும்போது அந்தக் கோலம் அவளுக்குத் தெரியும். எதிரே இருப்பவர்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. என்ன அர்த்தம் ஆச்சி என்று பேத்தி கேட்டதற்கு வந்த பதில்: "கோலத்துக்கு என்னளா அர்த்தம்? நகையெல்லாம் அடகுக்குப் போயிரும், இது போவாதுல்லா." செத்தால் கூட வருவது பச்சை மட்டும்தான் என்ற நம்பிக்கை இந்தியாவில் பல பகுதிகளில் உண்டு. ஆச்சி சாவு வரைக்கும் போகவில்லை, அடகுக்கடையோடு நின்றுவிட்டாள். எனக்கு அதுவே சரியாகப் படுகிறது.

ஆச்சியின் கோலம் சுதந்திரமான தேர்வு என்று நான் சொல்லவில்லை. பத்து வயதில் இரண்டு அத்தைகள் பிடித்துக்கொள்ள, அழ அழக் குத்தியது. ஆனால் பெண்கள் வாசலில் போட்ட கோலம் பெண்கள் கை வழியாகப் பெண் கைக்கு ஏறியிருக்கிறது. அதில் எவன் பெயரும் இல்லை. கோலம் தரையில் இருந்தால் மிதிபடும், மறுநாள் அழியும். கையில் இருந்தால் கூடவே வரும். புள்ளிக் கோலத்துக்கும் பச்சைக்கும் செய்முறையே ஒன்றுதான்: முதலில் புள்ளி, பிறகு புள்ளிகளைச் சேர்க்கும் வரி. அதனால்தான் கை சுருங்கிய பிறகும் ஆச்சியின் கோலம் கோலமாகவே இருக்கிறது. வரிகளுக்கு நடுவே விட்ட இடைவெளி அதைக் காப்பாற்றியிருக்கிறது.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், மை தோலுக்குள் வருஷா வருஷம் கொஞ்சம் பரவும். இன்று கூர்மையாகத் தெரியும் பொடி எழுத்து பதினைந்து வருஷத்தில் கறையாகும். தமிழ் எழுத்துக்கு இது இன்னும் மோசம். ண, ற, ஞ ஆகியவற்றின் சுழிகள் முதலில் அடைபடும். எழுத்து வேண்டுமென்றால் பெரிதாக வேண்டும், சொல் சிறிதாக வேண்டும். தமிழ் தெரியாத கைகள் செல்போன் எழுத்துருவைப் பார்த்துக் குத்தும்போது கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாகப் பிரிந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். புள்ளி விடுபட்டு 'அமமா' ஆன ஒரு கையும் எனக்குத் தெரியும். தொல்காப்பியர் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கச் சொன்னதை நினைவூட்ட இதைவிடக் கொடுமையான வழி கிடையாது. குத்துவதற்கு முன் காகிதத்தில் எழுதிக் கொடுங்கள். தோலில் அச்சு ஒட்டியதும் ஒருமுறை வாய்விட்டு வாசியுங்கள்.

பெயர் விஷயத்துக்கு வருகிறேன். பெண்ணின் தோலில் பெயரை எழுதச் சொல்பவர்கள் காதலர்கள் மட்டுமில்லை. எழுபதுகளில் எம்.ஜி.ஆர். தன் கட்சியினரைக் கட்சிக் கொடியைப் பச்சை குத்திக்கொள்ளச் சொன்னார். 2016 பிப்ரவரியில், ஜெயலலிதாவின் 68-ஆவது பிறந்தநாளையொட்டிச் சென்னையில் நூற்றுக்கணக்கானவர்களின் கையில் அவர் முகம் குத்தப்பட்டது. வரிசையில் பெண்கள் இருந்தார்கள். வலியில் சுளித்த அவர்கள் முகங்கள் தொலைக்காட்சியில் வந்தன. தலைவர் பெண் என்பதால் அந்த வரிசை பெண்ணியம் ஆகிவிடாது. அரசு எழுதினால் இடம் நெற்றிக்குப் போய்விடும். கம்பெனி ஆட்சியில் கைதிகளின் நெற்றியில் குற்றத்தைக் குத்தும் தண்டனை 1849 வரை இருந்தது. அது பழங்கதை என்று நினைத்தால், 1993-ல் அமிர்தசரஸில் நான்கு பெண்களின் நெற்றியில் போலீசார் 'ஜேப் கத்ரி', அதாவது பிக்பாக்கெட் என்று பச்சை குத்தினார்கள். அந்தப் போலீசாருக்குத் தண்டனை கிடைக்க 2016 ஆயிற்று. இருபத்து மூன்று வருஷம் அந்தப் பெண்கள் முகத்தை எந்தக் கண்ணாடியில் பார்த்திருப்பார்கள்?

காதலன் பெயரையும் இந்தக் கொடுமையையும் ஒரே தட்டில் வைக்கிறேனா என்று கோபப்பட வேண்டாம். ஒரே தட்டில் இல்லை. தானாகவே விரும்பிப் பெயர் குத்திக்கொண்டவள்மேல் எனக்கு எந்த விமர்சனமும் இல்லை. "நீ எப்ப?" என்ற அந்த ஒரு வரிதான் எனக்கு உறுத்துகிறது. அவன் கை அவனுடையது. அதில் எழுதியதற்கு இவள் கை ரசீது கொடுக்க வேண்டுமா?

இடத்தைப் பொறுத்தவரை மத்திய ஆயுதக் காவல் படைகளின் மருத்துவ விதி தெளிவாக இருக்கிறது. முன்கையின் உட்புறத்தில் இருக்கலாம், ஆனால் இடது கையில் மட்டும். காரணம், வலது கை சல்யூட் அடிக்கும் கை. புறங்கையிலும் இருக்கலாம். அளவு அந்த உறுப்பின் கால் பங்குக்குள் இருக்க வேண்டும். மத உருவமோ பெயரோ இருந்தால் ஏற்றுக்கொள்வார்கள். வணங்கும் கை சுத்தமாக இருக்க வேண்டும், மற்றக் கையில் கடவுளோ கணவனோ இருக்கலாம் என்று அரசும் உடம்பைப் பங்கு பிரித்து வைத்திருக்கிறது. இதில் வேடிக்கை, விதி அனுமதிக்கும் இடமும் ஆச்சியின் கோலம் இருக்கும் இடமும் ஒன்றாக அமைந்துவிட்டது. "தேளும் வேணுமே மேடம்" என்றாள். தேளுக்கு ஆச்சியின் வலது கைதான் இடம்; வேலை கிடைத்த பிறகு அதை விதியோடு பேசிக்கொள்ளட்டும்.

விதி இல்லாதவர்களுக்கும் உட்கையைத்தான் சொல்வேன். வெயில் குறைவாகப் படும், நிறம் நிற்கும். முக்கியமாக, அது நம் பக்கம் திரும்பியிருக்கும் இடம். மேல்கையின் வெளிப்புறம் பேருந்தில் பின்னால் நிற்பவன் வாசிக்கும் இடம். வாசிக்கட்டும் என்று நினைப்பவள் அங்கே குத்திக்கொள்ளலாம், அதுவும் ஒரு பேச்சுதான். மணிக்கட்டு எலும்பின் மேல் வலி அதிகம், வளையலும் உரசும்.

இன்னொன்று, ஊருக்காகச் சொல்ல வேண்டியது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சீசனில் பேரருவிக்குப் போகும் வழியில், சிப்ஸ் கடைக்கும் ரம்புட்டான் கூடைக்கும் நடுவே, பேட்டரி மெஷினோடு பச்சை குத்துகிறவர்கள் உட்கார்ந்துவிடுகிறார்கள். குளிக்க வந்த கூட்டம் குத்திக்கொண்டு நேராக அருவிக்குப் போகிறது. புதுப் பச்சை என்பது திறந்த புண். இரண்டு மூன்று வாரம் அருவியும் குளமும் கூடாது. ஊசியை உறையிலிருந்து நம் கண்முன் பிரிக்க வேண்டும், மை தனிக் குப்பியில் ஊற்ற வேண்டும். குத்திய பிறகு ஒரு வருஷம் இரத்ததானம் செய்ய முடியாது. அந்தப் பேட்டரிக்காரரை விரட்டச் சொல்லவில்லை. அவருடைய பிழைப்பும் சிங்கியுடையதைப் போல ஊர் ஊராகப் போகும் பிழைப்புதான். புது ஊசி கேளுங்கள், அதற்கான காசைக் கொடுங்கள்.

குறவஞ்சியில் குறத்தி வசந்தவல்லியிடம் கையைக் காட்டச் சொல்லும் இடத்தை இந்த வாரம் மறுபடி வகுப்பில் வாசித்தோம். மோதிரம் இட்ட கை, முன்கையில் வளை இட்ட கை என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கேட்பாள். சிங்கனைப் போல அவளும் உடம்பைத்தான் பார்க்கிறாள். ஆனால் அவள் கேட்ட பிறகு கை நீட்டப்படுகிறது. நீட்டியவளுக்குத் தெரிய வேண்டியதைச் சொல்லிவிட்டுக் கூலி வாங்கிக்கொண்டு போகிறாள். இரண்டு பார்வைக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டேன். கடைசி பெஞ்சிலிருந்து, "சிங்கன் பதில் கேக்கான், குறத்தி கை கேக்கா" என்றாள் ஒருத்தி.

என் மாணவி ஆச்சியின் கையில் மெல்லிய காகிதத்தை வைத்துக் கோலத்தைப் படி எடுத்திருக்கிறாள். ஆச்சியின் தோல் சுருங்கியிருப்பதால் இரண்டு புள்ளிகள் எங்கே இருந்தன என்று தெரியவில்லையாம். வாசலில் சுண்ணாம்புக்கட்டியால் போட்டுப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பையனிடம் என்ன சொன்னாய் என்று கேட்டேன். சீசன் முடியட்டும் மேடம் என்றாள்.