பட்டமும் களரியும்

1962 ஆம் ஆண்டு கலாநிதி சு. வித்தியானந்தன் பேராதனை மாணவரைக் கொண்டு ‘கர்ணன் போர்’ கூத்தை மேடையேற்றினார். ஆடியவர்கள் நாடகத்தில் பட்டம் பெற வந்தவரல்லர்.

இன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் நாடகமும் அரங்கியலும் பட்டப் பாடமாகும். இவ்வளர்ச்சியை நாம் வரவேற்கின்றோம். ஆயின், வடமோடி தென்மோடி வேறுபாட்டை மனனஞ் செய்து, களரியை மிதியாமலே ஒருவன் பட்டதாரியாகலாமெனில், கூத்தைத் தலைமுறைகளாகக் காத்த அண்ணாவியார் விரிவுரை மண்டபத்துக்கு வெளியே நிற்பாரெனில், அக்கல்வி யாருக்கானது?

குழந்தை ம. சண்முகலிங்கத்தின் ‘மண் சுமந்த மேனியர்’ 1985 இல் ஊர்களுக்குச் சென்று மக்களின் துயரை மக்கள் முன்னிலையிலேயே பேசியது. உழைக்கும் மக்களிடம் பெற்ற கலையை அவர்களுடைய வாழ்வைப் பேசும் நாடகமாக அவர்களிடமே திருப்பியளிப்பதே இப்பட்டத்துக்குரிய உண்மையான பரீட்சையாகும்.