மிளகு ரசத்தின் பக்கம்

மழைக்கால மாலையில் கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்கு ஏறியவர்களுக்குக் கல்வராயன் மலைக் குளிர் தெரியும். அந்த நேரத்தில் ஒரு டம்ளர் மிளகு ரசம் கிடைத்துவிட்டால் வேறெதுவும் கேட்கத் தோன்றாது.

மாவாக அரைத்த மிளகு எனக்கு ஆகாது. அம்மியில் ஒன்றிரண்டாகத் தட்டியதுதான் என் கட்சி. பல்லில் அகப்பட்டு, ஒரு கணம் தாமதித்துக் காரம் ஏறும். கூடவே ஒரு சிட்டிகை மஞ்சள். மஞ்சளின் குர்குமினை உடல் லேசில் ஏற்காது; குடலும் ஈரலும் அதை விரைவாக மாற்றிவிடும். மிளகின் காரச்சத்தான பைப்பரின் அந்த வேலையைத் தடுக்கிறது. 2 கிராம் குர்குமினோடு 20 மில்லிகிராம் பைப்பரின் சேர்ந்தபோது ரத்தத்தில் குர்குமினின் அளவு பல மடங்கு கூடியதை, 1998இல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். பாட்டிகள் அதுவரை காத்திருக்கவில்லை.

அதே பைப்பரின் சில மருந்துகளின் அளவையும் ரத்தத்தில் கூட்டும். வலிப்பு மருந்தான ஃபெனிட்டாயின் ஓர் உதாரணம். ரசத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை. எனக்குச் சந்தேகம் மஞ்சள் மாத்திரைமேல்தான். 100 கிராம் மஞ்சளில் குர்குமின் ஏறத்தாழ 3 கிராம்; மாத்திரையில் அதைச் செறிவாக்கி, பல சமயம் மிளகுச்சத்தையும் சேர்க்கிறார்கள். அவற்றை விழுங்கிய சிலருக்கு ஈரல் அழற்சி வந்தது இத்தாலியிலும் அமெரிக்காவிலும் பதிவாகியிருக்கிறது.

கண்ணைப் பறிக்கும் மஞ்சளும் வேண்டாம். நிறத்துக்காக ஈயக் குரோமேட் பூசும் வழக்கம் வங்கதேசத்தில் இருந்ததை 2019இல் வெளியான ஆய்வு காட்டியது. பாலிஷ் போடாத விரலி மஞ்சளை வாங்கி, காயவைத்து, மில்லில் கண்ணெதிரே அரைத்துக்கொள்வேன்.