முப்பத்தைந்து வார்த்தை

கல்லூரியில் நான் படித்தது இரண்டு வருஷம். அதற்கு மேல் படிக்கவில்லை. சேருவதற்காக அன்று பூர்த்தி செய்து கொடுத்த விண்ணப்பத்தில் என் பெயர், தகப்பனார் பெயர், ஜாதி, மார்க்கு, வீட்டு விலாசம் ஆகியவை இருந்தன. நீ எப்படிப்பட்டவன் என்று யாரும் கேட்கவில்லை. பதினேழு வயதில் என்னைப் பற்றி எனக்கிருந்த அபிப்பிராயம் மிகவும் உயர்ந்தது. நல்லவேளை, கேட்கவில்லை.

அமெரிக்காவில் கேட்கிறார்கள். அங்கே பல கல்லூரிகளுக்கும் சேர்த்து எழுதும் 'காமன் அப்ளிகேஷன்' என்ற பொது விண்ணப்பம் 1975-இல் ஆரம்பமாயிற்று. அதில் ஒரு பெரிய கட்டுரை எழுத வேண்டும். 650 வார்த்தையைத் தாண்டக் கூடாது. அது போதாதென்று ஒவ்வொரு சர்வகலாசாலையும் தன் பங்குக்குச் சில்லறைக் கேள்விகள் வைத்திருக்கிறது. கலிபோர்னியா சர்வகலாசாலை எட்டுக் கேள்வி தந்து, அவற்றில் நான்குக்குத் தலா 350 வார்த்தைக்குள் பதில் கேட்கிறது. ஸ்டான்போர்டில் ஐம்பது வார்த்தைக் கேள்விகள் உண்டு. சமூகம் இன்று எதிர்நோக்கும் மிக முக்கியமான சவால் எது என்பது அவற்றில் ஒன்றாக இருந்திருக்கிறது. ஐம்பது வார்த்தையில்! நம் பத்திரிகாசிரியர்களுக்கு வாராவாரம் ஒரு முழுப் பக்கம் கொடுத்தும் இதற்குப் பதில் வந்தபாடில்லை. யேல் இன்னும் கறார். இருநூறு எழுத்து, சுமார் முப்பத்தைந்து வார்த்தை. அதற்குள், விண்ணப்பத்தில் வேறெங்கும் இல்லாத ஒரு விஷயத்தை உன்னைப் பற்றிச் சொல் என்று அண்மை ஆண்டுகளில் கேட்டிருக்கிறார்கள்.

இவற்றை நான் படிக்க நேர்ந்தது சிநேகிதர் ஒருவரின் பெண்ணால். அவர் எங்கள் தெருக்கோடியில் மாவு மில் வைத்திருக்கிறார். பெண் கணக்கில் சூடிகை. வெளிநாட்டு மாணவர்களிடமும் பண வசதியைப் பார்க்காமல் இடம் கொடுத்து, தேவைப்பட்ட பணத்தையும் கொடுக்கும் கல்லூரிகள் அங்கே சில உண்டு, யேல் அவற்றில் ஒன்று, என்று தானே தேடிக் கண்டுபிடித்துக்கொண்டு வந்தாள். "நீங்க கதை எழுதறவங்கதானே மாமா, பாத்துச் சொல்லுங்க" என்று காகிதங்களை நீட்டினாள். என் இங்கிலீஷ் அவளுடையதைவிடச் சுமார்தான். ஆனால் எது உயிருள்ள வாக்கியம், எது செத்த வாக்கியம் என்று தெரிந்துகொள்ள அவ்வளவு இங்கிலீஷ் வேண்டியதில்லை.

மாதிரிக்கு வேண்டுமே என்று, தேறியவர்கள் எழுதியவற்றில் கிடைத்ததையெல்லாம் வாசித்தேன். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சர்வகலாசாலை தனக்குப் பிடித்தவற்றை அதுவே வெளியிடுகிறது. புத்தகமாகவும் தொகுத்து விற்கிறார்கள். சில நன்றாகவே இருக்கின்றன. பெரும்பாலானவை ஒரே அச்சு. முதல் வாக்கியத்தில் ஒரு சத்தம் அல்லது வாசனை. நடுவில் ஒரு சிறு தோல்வி. கடைசியில் 'அன்றுதான் நான் தெரிந்துகொண்டேன்'. நம் வாரப் பத்திரிகைக் கதைகளின் கடைசிப் பாரா ஞாபகம் வருகிறது. கதை முடிந்து ஐந்து நிமிஷம் ஆன பிறகும் ஆசிரியர் வாசற்படியில் நின்று பேசிக்கொண்டிருப்பார். பெரிய கட்டுரையில் இந்தக் குற்றத்தைப் பதுக்கி வைக்க இடம் உண்டு. முப்பத்தைந்து வார்த்தையில் இல்லை. பத்து வார்த்தையைப் படிப்பினைக்குக் கொடுத்துவிட்டால் மிச்சம் இருபத்தைந்தில் ஆள் நிற்க வேண்டும், நிற்பதில்லை.

(தமிழில் எழுத விட்டால் நம் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் சலுகை கிடைக்கும். 'வந்திருக்கமாட்டாள்' என்பது நமக்கு ஒரே வார்த்தை, இங்கிலீஷில் ஐந்து. ஆனால் சலுகை கிடைத்தால் நாம் அதையும் அடைமொழிகளுக்கே செலவழிப்போம்.)

இப்படிக் கேட்கும் வழக்கத்துக்கு ஒரு பூர்வ கதை உண்டு. அது அவ்வளவு அழகான கதை அல்ல. ஜெரோம் காரபெல் 2005-இல் வெளியிட்ட 'தி சோஸன்' என்ற தடித்த புத்தகத்தில் அதை விவரமாகச் சொல்கிறார். 1920-களின் ஆரம்பத்தில் ஹார்வர்டில் யூத மாணவர்கள் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஆகிவிட்டார்கள். பரீட்சை மார்க்கை வைத்து அவர்களைத் தடுக்க முடியவில்லை. அதனால் மார்க்குக்கு அப்பால் 'குணம்' என்று ஒன்றைப் பார்க்க ஆரம்பித்தார்கள். 1922-இல் விண்ணப்பத்தில் புதிய கேள்விகள் நுழைந்தன: உன் மதம் என்ன, தாயாரின் பிறந்த வீட்டுப் பெயர் என்ன, தகப்பனார் பிறந்த ஊர் எது, உன் பெயரோ தகப்பனார் பெயரோ பிறந்த பிறகு மாற்றப்பட்டிருந்தால் அதை விளக்கு. சுருக்கமாக விடை எழுத வேண்டிய கேள்விகள்தான் அவையும். உன்னை அறிந்துகொள்ள ஆசைப்படுகிறேன் என்று ஒரு நிறுவனம் சொல்லும்போது, அறிந்துகொண்டு என்ன செய்வாய் என்று திருப்பிக் கேட்கத் தோன்றுகிறது.

நூறு வருஷத்துக்குப் பிறகு சக்கரம் வேறு பக்கம் சுற்றியிருக்கிறது. மாணவர் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2023 ஜூனில் தீர்ப்பளித்தது. ஆனால் இனம் தன் வாழ்க்கையை எப்படிப் பாதித்தது என்று மாணவனே எழுதினால் அதைக் கருதத் தடையில்லை என்று தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் அதே தீர்ப்பில் எழுதினார். அந்த ஆண்டே ஹார்வர்டு, எல்லோரும் பதில் எழுதியாக வேண்டிய ஐந்து சிறு கேள்விகளை வைத்தது. தலைக்கு 200 வார்த்தை. விளைவு என்ன? கட்டத்தில் குறி போட்டுவிட்டுப் போன கறுப்பினப் பையன் இனி தன் காயத்தை வாக்கியமாக்கிக் காட்ட வேண்டும். அதை எழுத அவனுக்கு முழு உரிமை உண்டு. நன்றாக எழுதினால் இலக்கியமே ஆகலாம். ஆனால் எழுதாமலிருக்க அவனுக்கு உரிமை இருக்கிறதா? காயத்தைப் பற்றிப் பேச விரும்பாமல், தான் வளர்க்கும் புறாவைப் பற்றி எழுதுகிறவன் கதி என்ன?

இந்தக் கேள்வி எனக்குப் புஸ்தகத்திலிருந்து வரவில்லை. மாவு மில்லிலிருந்து வந்தது.

பெண் யேலுக்கு எழுதியிருந்த பதிலைத் தமிழில் சொல்வதானால் ஏறக்குறைய இப்படி: 'எங்கள் மாவு மில்லில் யாருடைய டப்பா முதலில் போக வேண்டும் என்று தீர்மானிப்பவள் நான். அரிசி, கோதுமை, கேழ்வரகு, கடைசியில் மிளகாய். முதலில் வந்தவர்கள் சண்டை போடுவார்கள். நான் தவறியதில்லை, ஒரு தீபாவளி தவிர.'

இவ்வளவுதான். படித்தவுடன் எனக்குப் பொறாமையாக இருந்தது. மில் வாசலில் நின்றவர்களுக்குத் தெரியும்: அரிசி மாவு வெள்ளையாக வேண்டும், கேழ்வரகுக்குப் பின்னால் போனால் கறுத்துவிடும், மிளகாய் அரைத்த கல்லில் ஒரு படி நொய்யைப் போட்டு ஓட்டினாலும் காரம் முழுசாகப் போகாது. இதொன்றும் தெரியாத அமெரிக்கருக்கும், யாரோ ஒரு சிறுமி நியாயத்துக்கும் வரிசைக்கும் நடுவில் நின்று தீர்ப்புச் சொல்கிறாள் என்பது புரியும். தீபாவளிக்கு என்ன ஆயிற்று என்று அவள் சொல்லவில்லை. சொல்லாததுதான் அதன் அழகு.

இந்த விண்ணப்பங்களில் பழகிய ஆலோசகர் ஒருவர் அவளுக்குப் பணம் வாங்காமல் உதவினார். நல்ல மனுஷர். இது போதாது என்றார். வீட்டில் ஏதாவது கஷ்டம் உண்டா என்று விசாரித்திருக்கிறார். அவள் அப்பாவுக்கு இடது கையில் இரண்டு விரல் இல்லை. அவளுக்கு ஆறு வயதாக இருக்கும்போது பெல்ட்டில் போனது. அதை எழுது என்றார் ஆலோசகர்.

வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்: நானும் அதையேதான் சொன்னேன். டப்பா வரிசை நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் விரல் அல்லவா விஷயம் என்றேன். அவள் காகிதத்தை மடித்துக்கொண்டே சொன்னாள்: "அது அப்பாவோட விரல், மாமா. என்னைப் பத்தித்தானே கேட்டிருக்காங்க?"

இருபது வருஷமாகக் கதை எழுதுகிறவனிடம் இதைச் சொன்னாள். என் கதைகளில் வரும் ஊமைச் சித்தியும், கடன்பட்டுத் தூக்குப் போட்டுக்கொண்ட அண்டை வீட்டுக்காரரும் என்னிடம் அனுமதிச் சீட்டு எழுதித் தந்தவர்கள் அல்லர். கற்பனை, கலை என்று எங்களுக்குப் பெரிய பெரிய சமாதானங்கள் உண்டு. இந்தச் சிறு பதில் என்ற உருவத்தில் அந்தச் சமாதானம் எதுவும் செல்லாது. அங்கே 'நான்' என்று எழுதினால் அது நானாகவே இருக்க வேண்டும். அந்த ஒரு நிபந்தனையால்தான் இதை இலக்கியத்தோடு சேர்த்துப் பேச எனக்குத் துணிவு வருகிறது. அந்த நிபந்தனையை நான் படித்தவற்றில் மிகச் சிலதான் காப்பாற்றுகின்றன. மற்றவற்றில் யாருடைய பாட்டியோ செத்துக்கொண்டிருக்கிறாள், பேரன் பாடம் கற்றுக்கொண்டிருக்கிறான்.

டப்பா வரிசையைத்தான் அனுப்பினாள். ஒரு வார்த்தையும் மாற்றவில்லை. யேலில் இடம் கிடைத்ததா என்பது விமரிசனத்துக்குச் சம்பந்தமில்லாத விஷயம்.

அவள் எழுதாமல் விட்ட விரல்களை நான் இங்கே எழுதிவிட்டேன். அவள் அப்பாவிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதினேன். "எழுதிக்குங்க, அதுல என்ன இருக்கு" என்றார். அவளிடம் கேட்கவில்லை. கேட்கப் போன அன்றைக்கு அவர்தான் மில்லில் தனியாக இருந்தார். என் கோதுமை டப்பாவைக் கேழ்வரகுக்குப் பின்னால் வைத்துவிட்டார். ராத்திரி சப்பாத்தி கொஞ்சம் கறுப்பாகத்தான் இருந்தது.